வாக்குப் பெட்டி சொன்ன இரண்டு விடைகள்

மக்களாட்சி மேலைநாட்டார் நமக்குத் தந்த கொடை என்று எண்ணுவோர் உளர். உத்திரமேரூர்க் கல்வெட்டு அவ்வெண்ணத்தை மாற்ற வல்லது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டு, ஊரை 30 குடும்புகளாகப் பகுத்துக் குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றது. ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையை மட்டுமன்றி, யாருடைய பெயரை ஓலையில் எழுதலாம், யாருடைய பெயரை எழுதலாகாது என்பதையும் அது நெடும் பட்டியலாகத் தருகின்றது. எண்ணத் தொடங்குமுன் யாரை எண்ணுவது என்று வரையறுத்தாக வேண்டும் என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது.

ஊர் வாரியத்துக்கே இத்துணைக் கவனம் வேண்டுமாயின், ஒரு நிலப்பகுதி எந்த நாட்டோடு சேர்வது, அல்லது தனித்து நிற்பது என்று முடிவு செய்யும் தேர்தலுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்? பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியத் தீவுகள் இவ்வினாவோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வருகின்றன. அதே பிரான்சு நாட்டின் ஆட்சியில், அதே வினாவை எதிர்கொண்ட ஒரு தமிழ் நிலம் நமக்கு மிக அருகில் உள்ளது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் நாம் அடையும் புதுச்சேரியே அது. புதுவையின் கதையை முதலில் கண்டு, பின்னர்த் தீவுகளின் கதையை அதனோடு ஒப்பு நோக்குவோம்.

பிரெஞ்சிந்தியாவும் அதன் வாக்காளர் பட்டியலும்

செஞ்சிக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்து, 1761 வரை அவர்கள் வசமிருந்தது. பின்னர் ஆங்கிலேயரின் கை ஓங்கவே, பிரெஞ்சுக்காரரிடம் எஞ்சியவை புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து சிறு பகுதிகளே. இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தவையல்ல. தமிழகக் கரையில் இரண்டும், கேரளக் கரையில் ஒன்றும், ஆந்திரக் கரையில் ஒன்றும், வங்கத்தில் ஒன்றுமாகச் சிதறிக் கிடந்தன. புதுச்சேரிப் பகுதிக்குள்ளேயே பிரெஞ்சு ஊரும் ஆங்கிலேய ஊரும் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி வரும்.

இங்கு ஒரு வியப்பான செய்தி உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1937-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் சொத்தோ கல்வியோ உடையவர்க்கே வாக்குரிமை இருந்தது. பிரெஞ்சிந்தியாவிலோ 1871 முதலே பிரான்சின் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமை இருந்தது. 1879-இல் பொது ஆலோசனை மன்றமும் அதனையடுத்து நகராட்சிகளும் அமைந்தன. சமத்துவம் பேசிய பிரான்சு தன் குடியேற்றத்திலும் சமத்துவத்தை நிலைநாட்டிற்றோ என நாம் மகிழ முற்படலாம். ஆனால் பட்டியலை ஆய்ந்து நோக்குங்கால் அம்மகிழ்ச்சி நீடிப்பதில்லை. ஐரோப்பியரும் அவர்தம் வழியினரும் ஒரு பட்டியல், உள்நாட்டு மக்கள் வேறு பட்டியல் என வாக்காளர் பிரிக்கப்பட்டிருந்தனர். மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரான ஐரோப்பியர் தம் எண்ணிக்கைக்குப் பன்மடங்கு மிஞ்சிய இடங்களைப் பெற்றனர். தம் குல வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்போர்க்கென 1881-இல் ஓர் ஆணை பிறந்தது. அவ்வாறு துறந்தோர்க்கென ஒரு தனிப் பட்டியலும் ஒரு காலத்தில் இருந்தது. வாக்குரிமை இருந்தது உண்மை. வாக்குகளின் எடை ஒன்றாக இல்லை என்பதும் உண்மை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே பட்டியல் ஒன்றாயிற்று; பெண்களும் வாக்குப் பெற்றனர். 1946-இல் பொது ஆலோசனை மன்றத்தின் இடத்தில் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதித்துவ சபை ஏற்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் தேசிய சனநாயக முன்னணி 30 இடங்களை வென்றது. ஆலைத் தொழிலாளரின் தலைவரான வ. சுப்பையாவும் அவர்தம் பொதுவுடைமைத் தோழர்களும் அம்முன்னணியின் முதுகெலும்பாய் விளங்கினர். 1936 சூலை 30-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் உயிர் நீத்த போராட்டத்தில் வளர்ந்த இயக்கம் அது.

1948: முதல் விடை

1947-இல் இந்தியா விடுதலை பெற்றதும் பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலம் வினாவாயிற்று. 1948 சூன் மாதத்தில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அப்பகுதிகளின் மக்களே வாக்கெடுப்பின் வழி தம் எதிர்காலத்தை முடிவு செய்வர். வாக்கெடுப்பின் நாளையும் முறையையும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்கள் வரையறுக்கும் என்பது அதன் சாரம். ஆகவே சாலை, விளக்கு, குடிநீர் பற்றிய நகராட்சித் தேர்தல், நாட்டின் எல்லையையே தீர்மானிக்கும் தேர்தலாக உருமாறிற்று.

சந்திரநாகூரில் இணைப்பை வேண்டியோர் பெருவெற்றி பெற்றனர். 1949 சூன் 19-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பிலும் மிகப் பெரும்பாலோர் இந்தியாவையே தேர்ந்தனர். 1950 மே மாதம் அவ்வூர் இந்திய நிருவாகத்தின் கீழ் வந்தது. அம்முடிவை மறுத்துப் பின்னர் எவரும் எழவில்லை. மாகியில் 1948 அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னர், ஐ. கே. குமாரன் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்து நிருவாகத்தையே கைப்பற்றினர். சில நாட்களில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் வந்து அதனை மீட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏனாமிலும் அக்டோபர் 24-ஆம் நாள் தேர்தல் நடந்தது. அதில் வென்றது எதுவார் குபேர் தலைமையிலான பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சி. அக்கட்சி அன்று பிரெஞ்சு ஆட்சியின் சார்பாக நின்றது.

தமிழ் பேசும் மக்கள் தமிழகத்தோடு சேர மறுத்தனரா? இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடையளிக்க இயலாது. பிரெஞ்சுப் படையிலும் இந்தோசீன அலுவலகங்களிலும் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற குடும்பங்கள் பல இருந்தன. அவர்தம் அச்சம் பொய்யன்று. பிரெஞ்சுக் கல்வி பெற்றோர் தம் பட்டமும் பதவியும் என்னாகுமோ என்று கலங்கினர். சென்னை மாநிலத்தின் ஒரு மூலையாகிவிடுவோமோ என்று வணிகர் எண்ணினர். 1941-இல் ஏற்பட்ட சுங்கக் கூட்டு 1949-இல் முறிந்தபின், தடையற்ற துறைமுகமாகிய புதுச்சேரியில் கடத்தல் வாணிகம் கொழித்தது. அதனால் வாழ்ந்தோரும் எல்லைக்கோடு நிலைக்க வேண்டுமென்றே விரும்பினர்.

இவற்றோடு அச்சுறுத்தலும் சேர்ந்தது. இணைப்பு வேண்டியோர் தாக்கப்பட்டனர். பலர் எல்லை கடந்து தமிழகப் பகுதியில் தஞ்சம் புகுந்தனர். 1950 சனவரியில் சுப்பையாவின் இல்லமே தீக்கிரையாயிற்று. 1908-இல் ஆங்கிலேயரின் சிறைக்குத் தப்பிப் பாரதியார் புகலிடம் தேடிச் சென்ற ஊரிலிருந்து, நாற்பதாண்டுகளுக்குப்பின் விடுதலை விரும்பிகள் வெளியேற வேண்டியதாயிற்று.

1951-இல் சர்வதேச நீதிமன்றத்தின் வழியே தெரிவு செய்யப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து நிலைமையை ஆய்ந்தனர். அன்றைய சூழலில் முற்றிலும் அச்சமற்ற வாக்கெடுப்பு இயலாது என்பதே அவர்கள் கண்ட முடிவு. அதே ஆண்டு பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தல் அக்கூற்றுக்குச் சான்றாயிற்று. அதுவரை உறுப்பினராயிருந்த லம்பேர் சரவணன், இணைப்பின் பக்கம் சாய்ந்தபின் குபேரை எதிர்த்து நின்றார். ஏறத்தாழ 90,000 வாக்குகள் பதிவான அத்தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை 149 மட்டுமே! ஐந்தாண்டுகளுக்கு முன்னர் வென்ற ஒருவரை ஒரு நாடே ஒருங்கு மறந்தது என்பதை நம்புவோர் யார்? சந்திரநாகூர் நீங்கலாக எஞ்சிய நான்கு பகுதிகளிலும், உறுதியளிக்கப்பட்ட பொது வாக்கெடுப்பு இறுதிவரை நடைபெறவேயில்லை.

1954: இரண்டாம் விடை

1954 மார்ச்சு மாதம் காற்று திசைமாறியது. முன்னர்ப் பிரெஞ்சுச் சார்பாக நின்ற குபேரும் அவர்தம் கட்சியினரும் இணைப்புக்குக் குரல் கொடுக்கலாயினர். மார்ச்சு 18-ஆம் நாள் புதுச்சேரிப் பகுதியின் மேயர்கள், வாக்கெடுப்பின்றியே இந்தியாவோடு இணைய வேண்டுமெனத் தீர்மானித்தனர். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு ஒன்று அமைந்தது. சூனில் ஏனாமும் சூலையில் மாகியும் பிரெஞ்சுப் பிடியினின்று நழுவின.

இம்மாற்றத்தின் காரணங்களை ஒளிக்காமல் கூறுவது நேர்மை. குபேர் கட்சிக்கும் பிரெஞ்சு நிருவாகத்துக்கும் பிணக்கு முற்றியிருந்தது. அவர்மீது முறைகேட்டு விசாரணைகளும் எழுந்திருந்தன. இந்திய அரசு எல்லையில் அனுமதிச் சீட்டு முறையையும் சுங்கக் கெடுபிடியையும் இறுக்கியிருந்தது. மே 7-ஆம் நாள் வியத்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. சூனில் பதவியேற்ற மென்தெஸ் பிரான்சு, பேசித் தீர்க்கும் வழியை நாடினார். ஆலைத் தொழிலாளரும் மாணவரும் இடையறாது போராடி வந்தனர். கொள்கை, தன்னலம், நெருக்கடி, உலக நிகழ்ச்சி ஆகிய நான்கும் ஒரே காலத்தில் கூடின.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூர் என்னும் எல்லைச் சிற்றூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நகராட்சி, பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்கள் 178 பேர் கூடினர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேரும் எதிராக 8 பேரும் வாக்களித்தனர். மூன்று நாட்களில் புதுதில்லியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சுக் கொடி இறங்கி, இந்திய மூவண்ணக் கொடி ஏறியது.

பிரெஞ்சு ஆட்சி நீடிக்க வேண்டும் என்று 1948-இல் விடையளித்த அதே வாக்குப் பெட்டியின் வழிவந்த மன்றங்களே, ஆறாண்டுகளில் அதற்கு நேர்மாறான விடையை அளித்தன. மக்கள் இதற்குள் மாறிவிட்டனரா? மக்கள் மனம் ஓரளவு மாறியிருக்கலாம். அதனினும் மிகுதியாக மாறியது, மனத்திலுள்ளதைச் சொல்வதற்கான சூழல். பொதுமக்களின் நேரடி வாக்கெடுப்பு இன்றி முடிவு செய்தமை குறையே என்று அன்றே வாதிட்டோர் இருந்தனர். அவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் கீழூர் முடிவு நிலைத்தது. ஏன்?

எட்டுப் பேரின் நிலை என்ன?

விடை, எதிர்த்து வாக்களித்த அந்த எட்டுப் பேரிடமும் அவரைப்போல் எண்ணிய குடும்பங்களிடமும் உள்ளது. 1956 மே 28-ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தம் தோற்றவரை மறக்கவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்புவோர்க்கு அதனைத் தெரிந்துகொள்ள ஆறு மாத காலம் தரப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் அதனைப் பயன்படுத்தினர். அவர்கள் வழியினர் இன்றும் புதுவையில் வாழ்ந்து, பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்களித்து வருகின்றனர். ஓய்வூதியம் காக்கப்பட்டது. பிரெஞ்சுப் பள்ளியும் ஆய்வு நிறுவனமும் நிலைபெற்றன. அப்பகுதிகளின் தனித் தகுதியில் மாற்றம் செய்வதாயின், மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்றும் ஒப்பந்தம் விதித்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதனை ஏற்க 1962 வரை ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மாற்றம் சட்டப்படி முழுமையுற்றது.

1963 சூலை 1-ஆம் நாள் புதுவை தனக்கெனச் சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதியாயிற்று. முதல் முதலமைச்சரானவர் வேறு யாருமல்லர், எதுவார் குபேரேதான்! ஒருகாலத்தில் அவரோடு மோதிய சுப்பையாவும் அதே மன்றத்தில் அமர்ந்து வாதிட்டார். 1954-இல் வாக்களிக்கும் வயதை எட்டாத மாணவராயிருந்த காரைக்கால் எம். ஓ. எச். பாரூக், 1967-இல் தம் 29-ஆம் வயதில் முதலமைச்சரானார். 1979 சனவரியில், புதுவையைத் தமிழகத்தோடு இணைக்கும் எண்ணம் நடுவண் அரசிடமிருந்து வெளிப்பட்டபோது மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர், எண்ணம் கைவிடப்பட்டது. இந்தியாவோடு சேர்வது வேறு, தன் அடையாளத்தை இழப்பது வேறு என்பதில் புதுவை மக்கள் தெளிவாயிருந்தனர்.

நியூ கலிடோனியா: முடியாத வினா

இனித் தீவுகளை நோக்குவோம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நியூ கலிடோனியாவைப் பிரான்சு 1853-இல் தன்வயப்படுத்தியது. அதன் மண்ணின் மக்கள் கனாக்குகள். கைதிகளும் குடியேறிகளும் பின்னர் வந்தனர். ரீயூனியன் தீவிலிருந்து கரும்புத் தோட்டக்காரர் சென்றபோது, ‘மலபார்’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த தென்னிந்தியக் கூலிகளையும் உடன் கொண்டுசென்றனர் என்பது நம் நெஞ்சைத் தொடும் செய்தி. நிக்கல் சுரங்கங்கள் பெருகப் பெருக வெளியிலிருந்து வந்தோர் தொகையும் பெருகிற்று. 2019 கணக்கெடுப்பின்படி கனாக்குகள் மக்கள்தொகையில் 41 விழுக்காட்டினர். தம் சொந்த மண்ணில் அவர்கள் பெரும்பான்மையரல்லர். புதுவைக்கும் அத்தீவுகளுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. புதுவையில் குடியேறிய ஐரோப்பியர் ஒரு கையளவினர். எல்லைக்கு அப்பால் வாழ்ந்தோரும் உறவினரே.

1984 நவம்பர் 18-ஆம் நாள் அங்கு நடந்த சட்டமன்றத் தேர்தலை விடுதலை அணியினர் புறக்கணித்தனர். அவ்வணியின் எலுவா மச்சோரோ கனாலா என்னுமிடத்தில் வாக்குப் பெட்டியைக் கோடரியால் பிளந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நான்கு வட்டாரங்களாகப் பகுத்துத் தேர்தல் நடந்தபோது, விடுதலை அணி மூன்று வட்டாரங்களை வென்றது. ஆனால் மொத்த வாக்கிலும் பேரவையிலும் பிரான்சுச் சார்பினரே பெரும்பான்மை பெற்றனர். ஒரே தேர்தலில் இரு தரப்பும் வென்றதாகக் கூறிக்கொண்டன. 1987-இல் நடந்த வாக்கெடுப்பில் 98 விழுக்காட்டினர் பிரான்சோடு இருக்க வாக்களித்தனர். விடுதலை அணி அதனையும் புறக்கணித்திருந்தது. அந்த 98 விழுக்காடு அமைதியைத் தரவில்லை. 1988-இல் உவேயா தீவில் பிணைக்கைதிகளைப் பிடித்ததும் மீட்டதுமான நிகழ்ச்சிகளில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன.

அதன் பின்னரே இரு தலைவர்கள் கைகுலுக்கினர். விடுதலை அணியின் சான் மாரி ஜிபாவும் பிரான்சுச் சார்பு அணியின் சாக் லாப்லேரும் 1988 சூனில் மத்தினியோன் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். மறு ஆண்டே ஜிபாவு தம் இனத்தவர் ஒருவராலேயே கொல்லப்பட்டார். ஆயினும் உடன்பாடு அழியவில்லை. 1998-இல் நூமெயா உடன்பாடு பிறந்தது. இரு தரப்பும் பங்குபெறும் அரசு, படிப்படியான அதிகார மாற்றம் என்பன ஏற்பட்டன. யாவற்றினும் மேலாக, அவ்வுடன்பாட்டுக் காலத்திற்குப்பின் குடியேறியோர் மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்க இயலாதவாறு பட்டியல் வரையறுக்கப்பட்டது.

2018-இல் விடுதலைக்கு ஆதரவாக 43.3 விழுக்காடும், 2020-இல் 46.7 விழுக்காடும் கிடைத்தன. இவ்விரண்டிலும் இரு தரப்பும் திரளாக வாக்களித்தன. தோற்றோரும் முடிவை ஏற்றனர். 2021 டிசம்பரில், பெருந்தொற்றின் துயரால் நாளைத் தள்ளிவைக்குமாறு கனாக்குகள் வேண்டியும் வாக்கெடுப்பு நடந்தது. வந்தோர் 44 விழுக்காட்டினரே, அவருள் 96.5 விழுக்காட்டினர் விடுதலையை மறுத்தனர். எண்ணிக்கை உயர்ந்தது, மதிப்புக் குறைந்தது. 2024 மே மாதம், பத்தாண்டு வாழ்ந்தோரையும் வாக்காளராக்கும் சட்டத் திருத்தம் பாரிசில் விவாதிக்கப்பட்டபோது நூமெயா நகரம் பற்றி எரிந்தது; 14 பேர் உயிரிழந்தனர். அம்மாதத்தில் நடந்திருக்க வேண்டிய மாநிலத் தேர்தல் மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. பல்லாண்டு வாழ்ந்தும் வாக்கில்லையே என்பது ஒரு சாராரின் குறை. வந்தோரையெல்லாம் சேர்த்தால் தம் மண்ணில் தம் குரல் மூழ்குமே என்பது மறு சாராரின் அச்சம். இரண்டும் நியாயமே என்பதுதான் இச்சிக்கலின் கடுமை.

நாம் அறியத்தக்கவை

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பு நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகின்றன. வாக்காளர் பட்டியல் என்பது எழுத்தர் எழுதும் வெறும் பெயர்த் தொகுப்பன்று. தேர்தலின் விடையில் பாதி அதற்குள்ளேயே அடங்கியுள்ளது. இது முதலாவது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒருபக்கமாக வாக்கு விழுமாயின், அவ்வெண்ணைப் போற்றுமுன், எதிர்த்தரப்பு அஞ்சாது வர முடிந்ததா என்று வினவ வேண்டும். இஃது இரண்டாவது. பெரும்பான்மை முடிவைத் தருகின்றது. தோற்றவருக்கு அளிக்கும் இடமே அமைதியைத் தருகின்றது. இது மூன்றாவது. புதுவை இம்மூன்றாம் பாடத்தைக் கற்றதனால் அதன் வினா முடிந்தது. தீவுகளில் அவ்வினா இன்னும் முடியவில்லை.

இன்று புதுவையில் நவம்பர் 1 விடுதலை நாளாகவும் ஆகஸ்டு 16 சட்டப்படியான மாற்ற நாளாகவும் நினைக்கப்படுகின்றன. கீழூரில் நினைவுச் சின்னம் நிற்கின்றது. கடலாடப் புதுவை செல்லும் நம் மாணவர், ஒரு நாழிகை ஒதுக்கி அச்சிற்றூரையும் கண்டு வருதல் நன்று. பதினெட்டு வயது நிரம்பி, முதன்முதலாகப் பட்டியலில் தம் பெயரைத் தேடும் இளைஞர், அவ்வொரு வரிக்காக உலகின் ஒரு மூலையில் இன்றும் உயிர்கள் மாய்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் அதனினும் நன்று. பெயர் இருக்கின்றதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அண்டை வீட்டாரின் பெயரும் இருக்கின்றதா என்று பார்ப்பவரே மக்களாட்சியைக் காப்பவர்.